கேக்காம அழிக்காத அக்கா

அந்த அக்காவோட பேர நான் சொல்லப் போறதில்ல. சொன்னா தப்பு ஒண்ணும் இல்லதான். ஆனா அதுகிட்ட கேக்காம சொல்ல முடியாது. யாரையும் கேக்காம எதுவும் செய்யக்கூடாதுங்கற வியாதி அதுகிட்டேர்ந்து எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. ஜூஸ்கார அக்கானு வெச்சுக்குங்க. ஊர்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க.

அப்ப அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதை மேலயே, எனக்கு ஒரு செல்போன் சர்வீஸ் கடை. கடைனா பெருசா நெனச்சுக்காதீங்க. நான் உள்ள உக்காந்தா கஸ்டமர் வெளிய நிக்கணும், கஸ்டமர் உள்ள வந்தா நான் வெளிய நிக்கணும். கடைக்கு எதிர்த்தாப்ல புளியமரத்தடியில அக்காவோட தள்ளுவண்டி. எலுமிச்ச ஜூஸ், நன்னாரி, மோர். மலை சுத்தறவங்க நின்னு குடிச்சுட்டு, வேர்வையத் தொடச்சுட்டுப் போவாங்க. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருசம். ஒரே பொண்ணு. அதப் படிக்க வெச்சு, கட்டிக் குடுத்து, மாப்பிள்ள வேலை பாக்கற குவைத்துக்கு அனுப்பி வெச்சதெல்லாம் அந்த வண்டிதான்.

பொண்ணுக்குக் கல்யாணம் பேசின சமயத்துல அக்கா கடைக்கு வந்து, "தம்பி, இருக்கறதுலயே வெலை கம்மியா, நல்ல போனா ஒண்ணு குடு"னு கேட்டுச்சு.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுக்கா. கம்மியா, நல்லதா?"

"ரெண்டுந்தான்."

எனக்கு வாய் ஜாஸ்தி. "ரெண்டும் வேணும்னா அத செஞ்சவன்கிட்ட போய்த்தான் கேக்கணும்"னேன். அப்புறம் மனசு கேக்காம ஒரு போன எடுத்துக் குடுத்தேன். அத மாதிரி போனுங்கள நான் எத்தனையோ வித்திருக்கேன், எத்தனையோ தெறந்து பாத்திருக்கேன். அதனால சொல்றேன், அதுவும் நல்ல போன்தான். நல்லதா இருக்கற எடத்துல ரொம்ப நல்லது. இல்லாத எடத்துல ஒண்ணுமே இல்ல.

நல்லது எதுனு மொதல்ல சொல்லிடறேன், இல்லேனா பாவம். சார்ஜ் அப்படி நிக்கும். பௌர்ணமிக்கு வர்ற கூட்டத்துல லட்ச ரூபா போன் வெச்சிருக்கறவன்லாம் செத்துப்போன போனக் கையில புடிச்சுக்கிட்டு, அக்காகிட்ட வந்து "ஒரே ஒரு கால் பண்ணிக்கவாம்மா"னு கெஞ்சுவான். ஒருதரம் மோர்ப் பானைக்குள்ள விழுந்துச்சு. எடுத்து முந்தானையில தொடச்சு ஆன் பண்ணா வந்துடுச்சு. ரெண்டு நாளு பேசறவங்க எல்லாருக்கும் சளி புடிச்ச மாதிரி கொரலு கேட்டுச்சு, அவ்ளோதான். அப்புறம் அந்த ஸ்பீக்கரு. அது ரிங் அடிச்சா புளியமரத்துக் கொரங்கெல்லாம் எறங்கி ஓடும். குவைத்துலேர்ந்து பொண்ணு பேசினா நான் கடையில இருந்தபடியே "நல்லாருக்கியாம்மா"னு பதில் சொல்லுவேன்.

இப்ப இன்னொரு பக்கம். தொட்டா யோசிக்கும். அக்கா வீடியோவத் தொட்டு வுட்டுட்டு ரெண்டு கிளாஸ் ஜூஸ் போட்டு முடிக்கும், அப்பதான் அது தெறக்கும். ரேக வெச்சுத் தெறக்கலாம்னு டப்பா மேல போட்டிருந்தான். அக்காவுக்கு எலுமிச்சம்பழம் புழிஞ்சு புழிஞ்சு கையில ரேகயே தேஞ்சு போச்சு. எந்த வெரல வெச்சாலும் நீ யாருனு கேக்கும். கடைசியில நான்தான் எரிச்சல்ல "காலக் குடுக்கா"னு சொல்லி, காலுக் கட்ட வெரல பதிஞ்சு வுட்டேன். நான் வெளையாட்டுக்குத்தான் செஞ்சேன். அது பிசகாம வேல செஞ்சுச்சு. அதுக்கப்புறம் போனத் தெறக்கணும்னா அக்கா ஸ்டூல்ல உக்காந்து, செருப்பக் கழட்டிட்டு, போனக் காலுகிட்ட கொண்டு போகும். ஜூஸ் குடிக்க வந்தவங்க அதப் பாத்துட்டு ஏதோ வேண்டுதல்னு நெனச்சுப்பாங்க.

ஆனா எல்லாத்தையும் வுட பெரிய கொற, எடம். அந்தப் போனுக்குள்ள எடமே இல்ல. வாங்கும்போதே பாதி எடத்துல கம்பெனிக்காரன் போட்டு அனுப்பின ஆப்புங்க உக்காந்திருக்கும். சீட்டு வெளையாடற ஆப்பு, கடன் குடுக்கற ஆப்பு. அதுங்கள எடுக்கவே முடியாது. அக்கா அதுங்களப் பாத்து, "யாருடா இவனுங்க? நான் கூப்புடலயே. கூப்புடாம வந்தவன் எழுந்துக்கவும் மாட்டேங்கறான்"னு சொல்லும். மெமரி கார்டு போடலாம்னா, ரெண்டாவது சிம் எடத்துலதான் அதப் போடணும். அக்காவுக்கு ரெண்டு சிம்மும் வேணும். வண்டிகிட்ட ஒரு டவரு, வீட்டுக்குள்ள ஒரு டவரு, நடுவுல மலை.

ஒருநாள் போன எடுத்துக்கிட்டு வந்து, "எடமில்லனு சொல்லுது, என்னானு பாரு"னு குடுத்துச்சு. நான் போட்டோக்களத் தெறந்து மொதல்ல இருந்த ஒண்ண அழிக்கப் போனேன். அக்கா எட்டி என் கையப் புடிச்சுச்சு.

"யாருது அது?"

"யாரோ வெள்ள வேட்டி. பல்ல காட்டிகிட்டு நிக்கறாரு."

"எங்க கீழ்பென்னாத்தூர் மாமா. அவருகிட்ட கேட்டியா?"

"இன்னா கேக்கறது?"

"அழிச்சுடவானு."

நான் சிரிச்சேன். அக்கா சிரிக்கல. மறுநாள் பக்கத்துப் பூக்கார அம்மாகிட்ட வண்டிய ஒப்படச்சுட்டு, பஸ் ஏறி கீழ்பென்னாத்தூர் போய், வேர்க்கடலக் கொல்லையில மாமாவப் பாத்துக் கேட்டுட்டு மதியானம் திரும்பி வந்துச்சு. "சரினுட்டாரு. ஆனா மூஞ்சி சுருங்கிப் போச்சு. மல்லாட்டை மூட்ட கட்டிகினு இருந்தவரு அப்படியே உக்காந்துட்டாரு. சரி, அழி."

எனக்கு வந்துச்சே கோவம். "ஏங்க்கா, அவரு ஊருல இருக்கறாரு, போன் உன் இடுப்புல இருக்குது. அழிச்சா அவருக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"ஒரு போட்டோதானக்கா."

"ஒரு மனுசன் வந்து உக்காந்துட்டான் தம்பி. எழுந்துக்கறியாப்பானு ஒரு வார்த்த கேக்காம கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுவியா நீ?"

இதுக்குப் பதில் உங்களுக்கு ஏதாவது தோணுச்சுனா சொல்லுங்க.

அன்னையிலேர்ந்து இது பழக்கமாப் போச்சு. எடம் வேணும்னா அக்கா ஒருத்தரப் பாத்து வெச்சுக்கும். அவங்கள நேர்ல தேடிப் போயிக் கேக்கும். போன்ல கேக்கறது மரியாத இல்லயாம். போன்லேர்ந்து அனுப்பறத போன்லயே எப்படிச் சொல்றதுனு ஒரு ஞாயம் வேற. ஊர்ல இது பரவினதும் ஜனங்க கொணமே மாறிப்போச்சு. அக்கா தெருவுல நடந்து வந்தா செலபேர் வீட்டுக்குள்ள போய்க் கதவச் சாத்திப்பாங்க, கேட்டுடுமோனு. இன்னும் செலபேர் என் கடைக்கு வந்து டெம்பர் கிளாஸ் ஒட்டற சாக்குல, "அக்கா போன்ல நான் இன்னும் இருக்கனா?"னு கேப்பாங்க. இருக்கீங்கனு சொன்னா அவங்க மொகத்தப் பாக்கணுமே, பட்டா கெடச்ச மாதிரி. தனக்கு முன்னாடி வந்தவனெல்லாம் போயி தான் மட்டும் இருக்கேன்னு ஒருத்தர் டீக்கடையில பெருமையாச் சொல்லிக்கிட்டதக் காதால கேட்டேன்.

அந்தப் போன்ல கேமராவும் சரியில்லயா, அதுல ஒரு கூத்து. பொழுது சாஞ்சு எடுத்த போட்டோல எல்லாரும் ஒரே ஆளு மாதிரி இருப்பாங்க. கரித்துண்டுக்கு சட்ட போட்ட மாதிரி ஒரு உருவம். அக்கா அத லைன்மேனுனு நெனச்சு அவர்கிட்டப் போயிக் கேட்டுச்சு. அவரு பெருந்தன்மையா, "அழிச்சுக்கம்மா, எனக்கு இன்னா இருக்குது"னுட்டாரு. அதுக்குள்ள மினி பஸ் டிரைவரு வந்து, "அது நானு. அந்தச் சட்ட என்னுது. அவன் யாரு எனக்கு உத்தரவு குடுக்கறதுக்கு?"னு சண்டைக்கு நின்னாரு. ரெண்டு பேரும் என் கடையில நின்னு போட்டோவப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தாங்க. பெருசு பண்ணப் பண்ண மூக்கும் போச்சு, வாயும் போச்சு. வெறும் கட்டம் கட்டமா நிக்குது. கடைசியில அக்கா ரெண்டு பேருகிட்டயும் தனித்தனியா சம்மதம் வாங்கிச்சு. அந்தச் சட்டைக்குப் பின்னாடி ஒரு நாயி வாலு தெரிஞ்சுச்சு. அந்த நாயத் தேடிப் புடிச்சு அதுக்கும் ஒரு பொறை ரொட்டியப் போட்டுட்டு வந்துதான் அழிக்கச் சொல்லுச்சு.

சாமி படமும் அதே கததான். காலையில காலையில வணக்கம் போட்டு ஊரே சாமி படம் அனுப்புதே, அதையெல்லாம் அழிக்க யாருகிட்ட கேக்கறது? அக்கா ஊர்க் கோயில்ல போயிப் பூப்போட்டுப் பாத்துச்சு. வெள்ளப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ள வந்தா அழிக்கலாம், செவப்பு வந்தா இருக்கட்டும். வழக்கமா நெலத்துக்கு, கல்யாணத்துக்குப் பூக்கேப்பாங்க. குருக்களுக்கே கொழப்பமாப் போச்சு, எதுக்குமா கேக்கறனு. அன்னைக்குச் செவப்பு வந்துச்சு. பாதி தெரியாத, மங்கலான ஒரு படத்துக்கு. அக்கா மறுபேச்சே பேசல. அந்தப் படம் ரொம்ப நாளு போன்ல இருந்துச்சு, அடுத்த தடவ வெள்ளப் பூ வர்ற வரைக்கும்.

வெளிநாட்டு அம்மா ஒருத்தங்க உண்டு. வருசா வருசம் குளுருக்கு வருவாங்க, ஆரஞ்சு கலர் பொடவ, வெறுங்காலு, அக்காவோட மோருனா உசுரு. ஒரு வருசம் அக்காவக் கட்டிப்புடிச்சு ஒரு போட்டோ எடுத்துட்டு ஊருக்குப் போயிட்டாங்க. அக்கா அடுத்த குளுரு வரைக்கும் காத்திருந்து கேட்டுச்சு. அந்தம்மா கண்ண மூடிக் கையக் கூப்பி, தெரிஞ்ச தமிழ்ல, "நான் இல்ல அம்மா. படத்துல இருப்பதும் நான் இல்ல. அழிக்க யார் இருக்கா?"னு சொன்னாங்க. அக்கா என்கிட்ட வந்து பொருமுச்சு. "அவங்க இல்லயாமே. அப்ப என் தோள் மேல கையப் போட்டுகினு மோரு குடிக்கறது யாருனு கேளு. ஆமானு சொல்லட்டும், இல்லனு சொல்லட்டும். இதுக்கு நடுவுல பேசினா நான் எப்படி அழிக்கறது?" நானே போயி "ஆமாவா இல்லயா"னு கேட்டு, அந்தம்மா சிரிச்சுக்கிட்டே "ஆமா"னு சொன்ன அப்புறம்தான் அந்த எடம் காலியாச்சு.

அக்காவோட சொந்த போட்டோ ஒண்ணுகூட அதுல கெடையாது. மொதல்லயே அழிச்சுடுச்சு. "என்னக் கேக்கறது சுலபம் தம்பி, பஸ் ஏற வேணாம்"னு சொல்லுச்சு.

இவ்ளோ பாடுபட்டும் போன் மூச்சு வுடாம திணறிக்கிட்டேதான் இருந்துச்சு. ஏன்னு எனக்குத் தெரியும். உள்ள ஒரு வீடியோ. நீளமான வீடியோ. அந்த ஒண்ணே மிச்ச எடத்துல பாதியப் புடிச்சிருந்துச்சு. அத எடுத்துட்டா போதும், மாமாவும் இருந்திருக்கலாம், லைன்மேனும் இருந்திருக்கலாம். ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். ஒவ்வொரு தடவையும் அக்கா, "அத வுடு"னு சொல்லிட்டு எலுமிச்சம்பழம் அறுக்கப் போயிடும்.

அப்பதான் குவைத்துல பொண்ணுக்குக் கொழந்த பொறந்துச்சு. ஆம்பளப் புள்ள. அக்காவால போக முடியல. பாஸ்போர்ட்டே கெடையாது. வெள்ளிக்கெழம பேர் வெக்கறாங்க. அவங்க வீட்டு வழக்கப்படி பொண்ணப் பெத்தவ கொழந்த காதுல மூணு தடவ பேரச் சொல்லணும். பொண்ணு சொல்லிடுச்சு, "நீ வீடியோல வந்து சொல்லும்மா, நான் போனக் கொழந்த காதுகிட்ட வெக்கறேன்"னு. அக்கா ரெண்டு நாளா வண்டிகிட்ட நின்னு அந்தப் பேர வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஜூஸ் கேட்டா மோரு குடுக்கும், மோரு கேட்டா சும்மா நிக்கும்.

புதன்கெழம போனக் கொண்டுவந்து மேசை மேல வெச்சுச்சு. வீடியோ கால் பேசற ஆப்பு, புதுசா ஏத்தினாதான் இனிமே பேசுவேன்னு சொல்லுது. ஏத்தலாம்னா எடமில்ல. உள்ள பாத்தேன். ஆளே இல்லாத வீடு மாதிரி இருக்குது. பொண்ணோட போட்டோவக்கூட, அது போன தடவ ஊருக்கு வந்தப்ப நேர்லயே கேட்டு அழிச்சாச்சு. அந்த வீடியோ மட்டும் நடுக்கூடத்துல உக்காந்திருக்குது.

"இத எடுத்தாதான் ஆவும்க்கா."

அக்கா போனத் தன் பக்கம் இழுத்துக்கிச்சு.

"சரி, என் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சுக்கறேன். எப்ப வேணும்னாலும் வந்து பாரு."

"எங்க வூட்டுப் பொம்பளைய உன் கடையில கொண்டாந்து வெக்கறதா?"

"அப்ப என் போன்ல பேசு. வெள்ளிக்கெழம கடைக்கு வா."

"பேரனுக்கு ரோட்டுல நின்னா பேர் வெப்பாங்க? வெளக்கு ஏத்தி, வூட்டுக்குள்ள, வூட்டு ஆளு போன்லதான் பேசணும்."

"புதுசு வாங்கிக்கக்கா, தவணையில தரேன்."

"அவள இதுலயே வுட்டுட்டு நான் மட்டும் புதுசுக்குப் போறதா?"

"அவ"னு சொன்னது யாருனு அப்பதான் சொல்லுச்சு. அக்காவோட கொழுந்தன் சம்சாரம். அந்த வீட்டுக்குச் சின்ன மருமக. நாங்க சின்னக்கானு கூப்புடுவோம். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே செவுரு. ஆனா பொண்ணு கல்யாணத்துக்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த கெடையாதுனு ஊருக்கே தெரியும். காரணம்தான் தெரியாது.

கல்யாண மண்டபத்துல மொதப் பந்தி. சின்னக்கா உக்காந்திருக்குது. எல போட்டாச்சு, பருப்பும் நெய்யும் ஊத்தியாச்சு, ரெண்டு வாய் சாப்பிட்டாச்சு. அந்த நேரத்துல மாப்பிள்ள வீட்டு ஆளுங்க நாலு பேரு லேட்டா வந்து, எடமில்லனு மொகத்தத் தூக்கிட்டு நின்னாங்க. அக்காவுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பக்கத்துல இருந்தது சின்னக்கா. "ஏய், நீ எழுந்துக்கடி. நம்ம வூட்டு ஆளுதான, அப்புறம் சாப்ட்டுக்கலாம்"னு சொல்லிடுச்சு. சின்னக்கா பாதி எலையில எழுந்து, கையக் கழுவிட்டு, நேரா வீட்டுக்குப் போயிடுச்சு.

அந்தப் பந்திய அக்கா போன்லதான் யாரோ சொந்தக்காரங்க வீடியோ எடுத்துக்கிட்டு இருந்திருக்காங்க.

"எலையிலேர்ந்து எழுப்பிட்டேன் தம்பி. சாப்பிடற மனுசிய. சோத்துல கை வெச்சவள. எந்தப் பாவி செய்வான் அத"னு சொல்லி அக்கா கண்ணத் தொடச்சுக்கிச்சு. எலுமிச்ச சாறு கையோட தொடச்சதால கண்ணு இன்னும் எரிஞ்சு தண்ணியா ஊத்துச்சு. "இப்பப் போயி, இதுலேர்ந்தும் எழுந்துக்கடினு நான் எப்படிக் கேப்பேன்?"

கேக்காம அழிச்சுடுனு சொல்ல என் வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. சொல்லியிருந்தா எனக்கும் பேச்சு நின்னிருக்கும்.

வியாழக்கெழம காலையில அக்கா கடை வாசல்ல வந்து நின்னுச்சு. நல்ல பொடவ. "நீயும் வா தம்பி. நான் மட்டும் போனா கதவச் சாத்திடுவா. வெளியாளு இருந்தா சாத்த மாட்டா."

சின்னக்கா வாசப்படியில மொறத்த வெச்சுக்கிட்டு மல்லாட்டை உரிச்சுக்கிட்டு இருந்துச்சு. எங்களப் பாத்துச்சு. பாத்துட்டே, "யாரு?"னு கேட்டுச்சு.

"நான்தாங்க. போன் கடை."

"போன் கடைக்காரருக்கு இங்க இன்னா வேல?"

"அக்காவுக்கு உங்ககிட்ட ஒரு உத்தரவு வேணுமாம்."

"எந்த அக்கா?"

அக்கா என் பின்னாடிதான் நிக்குது. அக்கா முன்னாடி வந்து, "இந்தா பாரு, ஒண்ணு கேக்கணும்"னு ஆரம்பிச்சுச்சு.

சின்னக்கா மொறத்தக் கீழ வெச்சுச்சு. "தெரியும். போன்ல எடமில்ல. ஆப்பு ஓடாது. நாளைக்குப் பேரு வெக்கறாங்க. நம்ம மாமனார் பேரு. கொழந்தைக்கு மூக்கு மட்டும் மாப்பிள்ள ஜாட. ராத்திரியானா அழுவுது. உன்னுது இன்னா போனா, இல்ல ஆடி மாச மைக்கு செட்டா? செவுத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சொல்லு வுடாம கேக்குது." கொஞ்சம் நிறுத்தி, "ஒண்ணுதான் தெரியாது. அந்த வீடியோல நான் இன்னா செய்யறேன்?"னு கேட்டுச்சு.

அக்கா படியிலயே உக்காந்து, செருப்பக் கழட்டிட்டு, காலு வெரல போன்ல வெச்சுச்சு. சின்னக்கா அதப் பாத்துட்டு என்னப் பாத்துச்சு. நான் வேற எங்கயோ பாத்தேன். வீடியோவத் தொட்டோம். வழக்கம் போல யோசிச்சுச்சு. வட்டம் சுத்துச்சு, சுத்துச்சு. மூணு பேரும் அந்த வட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தோம்.

தெறந்துச்சு. மண்டபம். எல வரிச. சாம்பார் வாளியோட ஓடறாங்க. யாரோ ஒருத்தரோட மொழங்கை ரொம்ப நேரம். அப்புறம் சின்னக்கா. மாம்பழ கலர் பட்டு, தல நெறைய பூவு. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ஏதோ சொல்லிச் சிரிக்குது. அப்பளத்த ஒடிக்குது. பருப்பு சாதத்தப் பெசஞ்சு ஒரு வாய் வெக்குது. இன்னொரு வாய் எடுக்குது. வீடியோ நின்னு போச்சு.

"அப்புறம்?"னு கேட்டுச்சு சின்னக்கா.

"அவ்ளோதான்."

"எழுந்துக்கறது எங்க?"

"அது இல்ல. அதுக்குள்ள போன்ல எடம் தீந்து போச்சு. அதோட நின்னுடுச்சு."

"அப்ப இதுல நான் எழுந்துக்கவே இல்லயா?"

"இல்லடி."

சின்னக்கா தானே போன வாங்கி மறுபடியும் போட்டுப் பாத்துச்சு. மொழங்கை, பட்டு, அப்பளம், ஒரு வாய், ரெண்டாவது வாய். அக்கா படியில உக்காந்தபடியே, "அன்னைக்கு உன்ன எழுப்பினது தப்புடி. அவங்க நின்னா நிக்கட்டும்னு வுட்டிருக்கணும். உன்ன எழுப்பிட்டு நான் ஒரு வேளகூட நிம்மதியா உக்காந்து சாப்பிடல. இதுல நீ உக்காந்திருக்கற. அத ஒண்ணுதான் வெச்சிருந்தேன். இப்ப பேரனுக்காகக் கேக்க வந்திருக்கேன். அழிச்சுக்கவா?"னு கேட்டுச்சு.

சின்னக்கா போனத் திருப்பிக் குடுத்துச்சு.

"மாட்டேன்."

"இன்னா மாட்ட?"

"எழுந்துக்க மாட்டேன். ஒரு தடவ சொன்னனு எழுந்துக்கிட்டேன். இந்தத் தடவ மாட்டேன் போ."

விடிஞ்சா பேரு வெக்கறாங்க. அக்கா வாதாடும், அழும், கைய காலப் புடிக்கும்னு நெனச்சேன். அது ஒண்ணுமே செய்யல. "சரி"னுச்சு. போன இடுப்புல சொருகிட்டு எழுந்துச்சு. கேட்டாச்சு, மாட்டேன்னுட்டாங்க, அதுக்கு மேல பேச்சு இல்ல. அதுதான் அந்தப் பொம்பள. நாலு அடி போயிடுச்சு.

"எங்க போற?"

"வூட்டுக்கு."

"பேரன எதுல பாப்ப?"

"பாக்கல. அவங்களே யாராச்சும் காதுல சொல்லிக்கட்டும்."

சின்னக்கா எழுந்து நின்னுச்சு. மடியிலேர்ந்து மல்லாட்டை தோலெல்லாம் கொட்டுச்சு. கோவமா, நெசமான கோவமா, "வூட்டு ஆளு போன்லதான் பேசுவேன்னு ராத்திரி பொண்ணுகிட்ட சொன்னியே, என் காதுல விழுந்துச்சு. அன்னைக்கு எலையிலேர்ந்து எழுப்பறதுக்கு மட்டும் நான் வூட்டு ஆளு, இன்னைக்கு இல்லயா? என் போன் போனு இல்லயா?"னு கத்துச்சு. கத்திட்டு, உள்ள போற மாதிரி திரும்பிச்சு. திரும்பாமலே, "காலையில குளிச்சுட்டு இங்க வா. சாப்ட்டுட்டுப் போற மாதிரி வா. போன் கடைக்காரரே, நீங்களுந்தான்"னு சொல்லுச்சு.

வெள்ளிக்கெழம சின்னக்கா வீட்டுக் கூடத்துல குத்துவெளக்கு ஏத்தி, மூணு எல போட்டிருந்துச்சு. சின்னக்கா போன்ல பொண்ணுக்குச் சேதி அனுப்பியாச்சு, இந்த நம்பருக்குப் பேசுனு. பத்து மணிக்குத்தான் கூப்புடுவாங்க, அதுக்குள்ள சாப்ட்டுடலாம்னு உக்கார வெச்சு, பருப்பு போட்டு, நெய் ஊத்துச்சு. அதுவும் பக்கத்துல உக்காந்துக்கிச்சு. அக்கா எலையப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. கை வெக்கல. "இன்னா, பேரு வெச்சாதான் சாப்புடுவியா?"னு சின்னக்கா அதட்டின அப்புறம் ஒரு வாய் எடுத்து வெச்சுச்சு.

அந்த நேரத்துல போன் அடிச்சுது. பொண்ணு சீக்கிரமே கூப்புட்டுடுச்சு. அக்கா பதறிப் போயி, வாயில சோறோட, கையக் கழுவ எழுந்துக்கப் பாத்துச்சு. சின்னக்கா அதோட தோளப் புடிச்சு அழுத்திச்சு.

"உக்காரு. எலையிலேர்ந்து யாரும் எழுந்துக்க வேணாம்."

எடது கையாலயே போன எடுத்து, ரெண்டு பேரு மூஞ்சிக்கும் நடுவுல புடிச்சுச்சு. குவைத்துல பொண்ணு ரெண்டு பேரையும் பாத்துட்டு, போனக் கொழந்தகிட்ட கொண்டு போச்சு. அந்தப் பையன் ஒரு கண்ண மட்டும் தெறந்து பாத்தான். ரெண்டு பொம்பளைங்க வாய் நெறைய சோத்த வெச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தாங்க. அக்கா முழுங்காமலே மூணு தடவ பேரச் சொல்லுச்சு. ஒரு தடவகூட வெளங்கல.